புது வீட்டில் குறை தெரிந்தால் யாரைக் கேட்பது?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சிங்கப்பூரில் பெரும்பாலோர் வீட்டைக் கட்டுவதில்லை, கட்டியதை வாங்குகிறார்கள். செங்கல், சிமெண்டு தேடி அலையும் வேலை மிச்சம். ஆனால் யார் கட்டினார், எப்படிக் கட்டினார் என்று பார்க்க வாய்ப்பே இல்லாமல், மத்திய சேம நிதிச் சேமிப்பைக் கொடுத்து, 20, 25 ஆண்டு கடனையும் தலையில் ஏற்றிக்கொண்டு வாங்க வேண்டியிருக்கிறது.

சாவி கைக்கு வந்த பிறகுதான் குறைகள் கண்ணில் படுகின்றன. தரை ஓட்டைத் தட்டினால் உள்ளே வெற்றிடமாக ஒலிக்கிறது. குளியலறையில் ஊற்றிய தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் ஓடுகிறது. மழை பெய்த மறுநாள் படுக்கையறைச் சுவரில் ஈரத் திட்டு. "புது வீடுதானே, சரியாகிவிடும்" என்று சிலர் பொறுத்துக்கொள்கிறார்கள். "வழக்குப் போட்டுவிடுவேன்" என்று சிலர் கொதிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பல வழிகள் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு உண்டு.

முதல் கேள்வி: யாரிடம் வாங்கியது?

குறை ஒரே மாதிரி இருக்கலாம். அதற்கான வழி வீட்டுக்கு வீடு மாறும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) நேரடியாக வாங்கிய பிடிஓ வீட்டுக்கு ஒரு வழி. தனியார் மேம்பாட்டாளர் கட்டிய கொண்டோமினிய வீட்டுக்கு வேறு வழி. மறுவிற்பனையில் வாங்கிய வீடு என்றால் முற்றிலும் வேறு கதை. வீடு நன்றாக இருந்து, புதுப்பிப்புக் குத்தகையாளர் செய்த வேலையில் குறை என்றால் அதற்கும் தனி வழி.

காரணம் எளிது. சட்டம் முதலில் பார்ப்பது ஒப்பந்தத்தை. யாரிடம் பணம் கொடுத்து, யார் கையெழுத்திட்டாரோ, அவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளியையோ, ஓடு பதித்த துணைக் குத்தகையாளரையோ வீடு வாங்கியவர் தேடிப் போக வேண்டியதில்லை.

வீவக புது வீடு: ஓராண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு

பிடிஓ வீட்டுக்குச் சாவி பெற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. இந்தக் காலத்தில் தெரியவரும் கட்டுமானக் குறைகளைக் கட்டிய குத்தகையாளரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். புதிய வட்டாரங்களில் இதற்கென்றே கட்டடச் சேவை நிலையம் திறக்கப்படுகிறது. வீட்டைப் பார்த்து, குறைகளைப் படிவத்தில் எழுதி அங்கே கொடுக்க வேண்டும். பழுது பார்த்த பின் வீட்டுக்காரரும் சேர்ந்து பார்த்து ஒப்புக்கொள்வது வழக்கம். அந்த நிலையம் மூடப்பட்ட பின்னர் வீவக கிளை அலுவலகத்தை நாடலாம்.

ஓராண்டோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. சமையலறை, கழிவறைக் கூரைக் கசிவுக்கும், வெளிச்சுவர் வழியாக வரும் நீர்க் கசிவுக்கும் 5 ஆண்டு உத்தரவாதம் இருக்கிறது. கூரையில் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தால் 10 ஆண்டு உத்தரவாதம். சாவியோடு வரும் தாள்களில் இவை இருக்கும். ஆனால் அந்தத் தாள்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மூன்றாம் ஆண்டில் கசிவு வந்ததும் சொந்தப் பணத்தில் ஆள் பிடிப்பவர்கள் உண்டு.

கண்ணில் படுவதெல்லாம் குறை ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பூச்சு காயும்போது சுருங்குவதால் முடியளவு மெல்லிய கீறல் வரும். அது கட்டடத்தின் வலிமையைப் பாதிப்பதில்லை. பளிங்கு, மரம் போன்ற இயற்கைப் பொருள்களில் நிறம் சற்று மாறுபடுவதும் இயல்பு. ஆனால் தூணிலோ உத்தரத்திலோ கீறல் அகலமாகிக்கொண்டே போனால் அது வேறு விஷயம். அதை உடனே தெரிவிக்க வேண்டும்.

பால் காய்ச்சும் நாளும் ஓட்டை உடைக்கும் நாளும்

நம் குடும்பங்களில் சாவி வந்ததும் எழும் முதல் கேள்வி, "பால் எப்போது காய்ச்சுவது?" என்பதுதான். ஆடி வருவதற்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் ஆவணிக்குத் தள்ளிப்போகும் என்று அவசரம். தேக்காவில் மாவிலையும் வாழை இலையும் வாங்கும் தேதி முடிவாகிவிடுகிறது. அதற்கேற்பப் புதுப்பிப்புக் குத்தகையாளரும் மறுவாரமே சுத்தியலோடு வந்துவிடுகிறார்.

பலருடைய கோரிக்கை பலவீனமாவது இங்கேதான். குறைகளைப் பதிவு செய்யும் முன்பே புதுப்பிப்பு தொடங்கிவிட்டால், ஓட்டில் விரிசல் விட்டது கட்டியவரா, உடைத்தவரா என்று யாரும் சொல்ல முடியாது. கட்டியவர் புதுப்பித்தவரைக் காட்டுவார். புதுப்பித்தவர் கட்டியவரைக் காட்டுவார். நடுவில் நிற்பவர் வீட்டுக்காரர். புதுப்பிப்பு தொடங்குவதற்கு முன்பே குறைகளைத் தெரிவிக்கும்படி வீவக சொல்வதற்குக் காரணம் இதுதான்.

குளியலறைக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. ஓட்டுக்கு அடியில் நீர் புகாமல் தடுக்கும் படலம் ஒன்று இருக்கிறது. ஓட்டைப் பெயர்த்தால் அதுவும் கிழியும். அதனால்தான் கட்டடம் கட்டி முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குப் புது வீவக வீட்டின் குளியலறைத் தரை, சுவர் ஓடுகளை அகற்ற அனுமதி இல்லை.

நல்ல நாளை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நல்ல நேரத்தில் பால் காய்ச்சி, சாமி கும்பிட்டுவிட்டு வரலாம். உடைக்கும் வேலையை மட்டும் குறைகள் பதிவாகி, சரிசெய்யப்படும் வரை தள்ளி வைக்கலாம். பெரியவர்களிடம் இதை விளக்கிச் சொன்னால் மறுக்கமாட்டார்கள்.

கொண்டோமினியம்: ஒப்பந்தத்திலேயே இருக்கும் ஆயுதம்

மேம்பாட்டாளரிடம் நேரடியாக வாங்கும் தனியார் வீட்டுக்கு, வீடமைப்பு மேம்பாட்டாளர் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விற்பனை ஒப்பந்தப் படிவம் உண்டு. மேம்பாட்டாளர் தம் விருப்பத்துக்கு அதை மாற்ற முடியாது. அதில் 12 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டை ஒப்படைக்கும் அறிவிப்பு கிடைத்த 15ஆம் நாள், அல்லது உண்மையில் வீட்டைப் பெற்ற நாள், இவற்றில் எது முந்தியோ அதிலிருந்து கணக்கு தொடங்கும். வெளியூரில் இருந்ததால் சாவி வாங்க மூன்று மாதம் தாமதம் என்றால், அந்த மூன்று மாதமும் போனதுதான்.

குறையை எழுத்தில் தெரிவித்ததும் மேம்பாட்டாளர் ஒரு மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யவில்லை என்றால், வாங்கியவர் தாமே ஆள் வைத்துச் செய்துகொண்டு செலவை மேம்பாட்டாளரிடம் வசூலிக்கலாம். ஆனால் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கக்கூடாது. எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீட்டோடு மேம்பாட்டாளருக்கு இன்னொரு கடிதம் அனுப்பி, 14 நாள் கடைசி வாய்ப்பு தர வேண்டும். அதற்கும் பதில் இல்லை என்றால்தான் சொந்தமாகச் செய்யலாம்.

வாங்கும் விலையில் ஒரு பகுதி மேம்பாட்டாளர் கைக்கு உடனே போவதில்லை. சிங்கப்பூர் சட்டக் கழகம் அதைப் பொது நிலையில் வைத்திருக்கும். முறைப்படி அறிவிப்பு கொடுத்திருந்தால், பழுதுபார்ப்புச் செலவை அந்தத் தொகையிலிருந்து கழிக்கக் கோரலாம். வாய்வார்த்தையாகப் புகார் சொல்லிக்கொண்டே 12 மாதத்தைக் கடத்தியவருக்கு இந்த வசதி கைகொடுக்காது.

12 மாதம் முடிந்ததும் உரிமையே போய்விட்டதா? இல்லை. மேம்பாட்டாளர் தாமே வந்து சரிசெய்ய வேண்டிய கடமைதான் அந்தக் காலத்துக்கு உரியது. ஒப்பந்தத்தை மீறித் தரமற்ற வேலை செய்ததற்கு இழப்பீடு கேட்கும் உரிமை அதற்குப் பிறகும் இருக்கிறது. ஆனால் பாதை நீளும், செலவும் கூடும்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக உண்டு. "தற்காலிகக் குடியிருப்பு அனுமதி கிடைத்துவிட்டதே, அப்படியானால் அரசாங்கம் தரத்தைச் சரிபார்த்துவிட்டது" என்கிறார்கள். கட்டட, கட்டுமான ஆணையத்தின் அந்த அனுமதி, கட்டடத்தில் குடியேறலாம் என்பதைக் காட்டுகிறது. ஓடு நேராகப் பதிக்கப்பட்டதா, கதவு சரியாக மூடுகிறதா என்பதற்கான சான்று அல்ல. வேலைத்தரத்தை மதிப்பிட ஆணையத்திடம் 1989இல் தொடங்கிய 'கான்குவாஸ்' மதிப்பெண் முறை தனியாக இருக்கிறது. அதுவும் வீட்டுக்காரரின் வழக்கை நடத்தித் தராது.

பொது இடத்தில் குறை: தனி ஆள் அல்ல, நிர்வாகக் குழு

வாகன நிறுத்துமிடத்தில் கசிவு, வெளிச்சுவர் ஓடு விழுதல், நீச்சல் குளத்தில் விரிசல் போன்றவை பொதுச் சொத்துக் குறைகள். இவற்றுக்கு அடுக்குமாடி நிர்வாகக் கழகம்தான் குரல் கொடுக்க வேண்டும். எல்லா உரிமையாளர்கள் சார்பிலும் வழக்குத் தொடுக்க அதற்குச் சட்டத்தில் இடமுண்டு.

இதில் சிங்கப்பூர் நீதிமன்றங்கள் தனி வழி கண்டன. 1990இல் மர்ஃபி எதிர் பிரெண்ட்வுட் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஒரு முடிவுக்கு வந்தது. குறையுள்ள கட்டடத்தால் யாருக்கும் காயமோ, வேறு பொருளுக்குச் சேதமோ இல்லாமல் பண இழப்பு மட்டும் ஏற்பட்டால், கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீடு பெற முடியாது என்றது. 1995இல் பேஷோர் பார்க் கொண்டோமினிய வழக்கு சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. வாகன நிறுத்துமிடக் கூரையில் கான்கிரீட் பெயர்ந்ததும் நீர் தேங்கியதும் புகார்கள். நிர்வாகக் கழகத்துக்கும் மேம்பாட்டாளருக்கும் இடையே நேரடி ஒப்பந்தம் கிடையாது. இருந்தும், மேம்பாட்டாளருக்குக் கவனமாகக் கட்டும் கடமை உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் தீர்ப்பை இங்கே பின்பற்றவில்லை. 1999இல் ஈஸ்டர்ன் லகூன் வழக்கில், சுவர் ஓடுகள் விழுந்ததற்குக் கட்டடக் கலைஞர்களுக்கும் அத்தகைய கடமை உண்டு என்றது.

ஆனால் 2016இல் ஆம்பர் சாலையின் 'தி சீவியூ' கொண்டோமினிய வழக்கில் அதே நீதிமன்றம் ஓர் எல்லையையும் வகுத்தது. தலைமைக் குத்தகையாளரும் கட்டடக் கலைஞரும் தகுதியான துணைக் குத்தகையாளர்களைக் கவனத்துடன் தேர்ந்தெடுத்திருந்தால், அந்தத் துணைக் குத்தகையாளர்களின் கவனக்குறைவுக்கு அவர்கள் தாமாகவே பொறுப்பாகிவிட மாட்டார்கள். கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அப்படி ஒரு பொறுப்பை அவர்கள்மேல் சுமத்தவில்லை என்றது தீர்ப்பு.

சாதாரண வீட்டுக்காரருக்கு இதில் என்ன பாடம்? கவனக்குறைவு வழக்கில், வேலை செய்தது யார், தேர்ந்தெடுத்தது யார், மேற்பார்வை பார்த்தது யார் என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தத்தின்படி கேட்பவருக்கு அந்தச் சுமை குறைவு. எனவே ஒப்பந்தமும் அதன் காலக்கெடுவும்தான் முதல் துணை.

கூடி நின்று பேசினால் நீதிமன்றம் போகாமலேயே சில காரியங்கள் ஆகும். 2015இல் கிளமெண்டியில் 'ட்ரிவெலிஸ்' வீடுகளில் குடியேறியவர்கள், குளியலறைக் கண்ணாடி நொறுங்குவது, பாத்திர அடுக்கு துருப்பிடிப்பது எனப் பல குறைகளைச் சொன்னார்கள். குடியிருப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்த பிறகு, மேம்பாட்டாளர் நல்லெண்ண உதவித் திட்டம் ஒன்றை அறிவித்தார்.

மறுவிற்பனை வீடு: 'உள்ளது உள்ளபடி'

லிட்டில் இந்தியாவில் பஃபலோ சாலை, ரோவல் கோர்ட், சந்தர் சாலை வட்டாரங்களில் உள்ள வீவக வீடுகளைத் தேடி வாங்குவோர் உண்டு. கோயிலும் சந்தையும் காலடியில். இவை மறுவிற்பனையில்தான் கிடைக்கும். சிராங்கூன் சாலை வட்டாரத்தின் பழைய கடைவீடுகளும் அப்படியே. லிட்டில் இந்தியா 1989இல் மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால், கடைவீட்டின் கட்டமைப்பில் கைவைக்க நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதியும் வேண்டும்.

மறுவிற்பனையில் வீடு 'உள்ளது உள்ளபடி' கைமாறுகிறது. பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. விற்றவர் கட்டியவர் அல்லர், உத்தரவாதமும் தரவில்லை. குடியேறிய பின் கசிவு தெரிந்தது என்பதற்காக மட்டும் அவரிடம் பணம் கேட்க முடியாது.

விற்றவர் பொய் சொல்லியிருந்தால் நிலைமை வேறு. "கூரையில் கசிவே இருந்ததில்லை" என்று சொல்லி, அதை நம்பி வாங்கியிருந்தால், தவறான தகவல் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்கலாம். சும்மா வாய் திறக்காமல் இருந்தது பொதுவாகப் பொய் ஆகாது. அதனால் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது. அதுவும் எழுத்தில். "கடந்த ஆண்டுகளில் கசிவு, கான்கிரீட் பெயர்வு, ஓடு எழும்புதல் உண்டா?" என்று சொத்து முகவர் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பினால்கூடப் போதும். வரும் பதில் பின்னாளில் சான்றாகும்.

வீவக மறுவிற்பனையில், வாங்கும் உரிமையை வாங்குபவர் உறுதிப்படுத்த 21 நாள் அவகாசம் இருக்கிறது. உரிமைத் தொகை 1,000 வெள்ளிக்கு மேல் போகாது. லட்சக்கணக்கான வெள்ளி போடும் முன், அந்த 21 நாளில் விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துவந்து வீட்டைக் காட்டுவது வீண் செலவல்ல.

மேல்வீட்டுக் கசிவு

கூரையில் சொட்டும் தண்ணீர், அண்டை வீட்டாரிடையே மனக்கசப்பை வளர்க்கும். வீவக வீடுகளில் இதற்கு மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே பொறுப்பு. உத்தரவாதக் காலம் முடிந்த வீடுகளுக்கு வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் இருக்கிறது. தகுதி பெற்றால் வீவக பாதிச் செலவை ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மேல்வீட்டார் கதவையே திறக்கவில்லை என்றால், 2015இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி அவசரப் பழுதுக்காக உள்ளே செல்ல வீவகவுக்கு அதிகாரம் உண்டு.

கொண்டோமினியத்தில் வேறு விதி. கூரையில் ஈரம் தெரிந்தால், குறை மேல்வீட்டில் இருப்பதாகவே சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டியது மேல்வீட்டாரின் வேலை. பேசித் தீரவில்லை என்றால் அடுக்குமாடிச் சொத்து வாரியத்திடம் மனுச் செய்யலாம்.

புதுப்பிப்புக் குத்தகையாளரிடம் ஏமாந்தால்

வீட்டில் குறை இல்லை, அலமாரிக் கதவுதான் மூடவில்லை, பதித்த ஓடுதான் எழும்பிவிட்டது என்றால் அது புதுப்பிப்பு ஒப்பந்தத் தகராறு. வீவகவின் பதிவுபெற்ற குத்தகையாளராக இருந்தாலும், வேலைத்தரத்துக்கு வீவக உத்தரவாதம் தருவதில்லை. அந்த ஒப்பந்தத்தில் அது ஒரு தரப்பு அல்ல.

இங்கே எளிய வழி சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 2019 நவம்பர் முதல் அதன் வரம்பு 20,000 வெள்ளி. இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். இரு பக்கமும் வழக்கறிஞர் வர முடியாது. மனுவை இணையத்திலேயே பதிவு செய்யலாம். ஒரு கோரிக்கையை இரண்டாக உடைத்து இருமுறை கேட்க முடியாது. இழப்பு 24,000 வெள்ளி, எதிர்த்தரப்பு சம்மதிக்கவில்லை என்றால், 4,000 வெள்ளியை விட்டுக்கொடுத்து இங்கே வரலாம். இல்லையென்றால் 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 250,000 வெள்ளி வரை மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். ஒன்று நினைவிருக்கட்டும்: வீடு வாங்கிய ஒப்பந்தத் தகராறு சிறு கோரிக்கைகள் மன்றத்தில் எடுபடாது. அது சேவை, பொருள் போன்ற ஒப்பந்தங்களுக்கானது.

அதற்கு முன் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தை (கேஸ்) நாடிச் சமரசம் முயலலாம். குத்தகையாளரைத் தேர்ந்தெடுக்கும்போதே 'கேஸ்டிரஸ்ட்' அங்கீகாரம் பெற்றவரா என்று பார்ப்பது நல்லது. அந்தத் திட்டத்தில் முன்பணத்துக்குப் பிணைப் பாதுகாப்பு உண்டு. நிறுவனம் நடுவில் மூடிவிட்டால் முன்பணம் முழுவதும் கரைந்துபோகாது.

2012 செப்டம்பரில் வந்த 'லெமன்' சட்டம் வீட்டுக்கும் பொருந்தும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பொருள்களுக்கானது. புது வீட்டில் வைத்த குளிர்சாதனப் பெட்டிக்கும் சோபாவுக்கும் பொருந்தும். வீட்டுக்குப் பொருந்தாது.

எத்தனை ஆண்டுக்குள்?

காலவரம்புச் சட்டத்தின்படி, ஒப்பந்த மீறல் நடந்த நாளிலிருந்து பொதுவாக 6 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். சுவருக்குள் மறைந்திருந்து தாமதமாகத் தெரியவரும் குறைக்கு, கவனக்குறைவு வழக்கில், தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு கிடைக்கும். ஆனால் கவனக்குறைவு நிகழ்ந்து 15 ஆண்டு கடந்துவிட்டால் கதவு மூடிவிடும். "பார்த்துக்கொள்ளலாம்" என்று மேம்பாட்டாளரோ குத்தகையாளரோ இனிமையாகப் பேசிக்கொண்டே இருப்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது.

எவ்வளவு கிடைக்கும்?

நீதிமன்றம் போனால் வீட்டையே புதிதாகக் கட்டித் தருவார்கள் என்று எதிர்பார்க்கக்கூடாது. நியாயமான பழுதுபார்ப்புச் செலவே அளவுகோல். பிரிட்டனில் 1995இல் முடிந்த ரக்ஸ்லி வழக்கை உலகெங்கும் எடுத்துக்காட்டுவார்கள். 7 அடி 6 அங்குல ஆழத்தில் கேட்ட நீச்சல் குளத்தை ஆழம் குறைவாகக் கட்டிவிட்டார்கள். இடித்துக் கட்ட 21,560 பவுண்டு ஆகும். குளம் பாதுகாப்பாகவே இருந்ததால், அந்தச் செலவு நியாயமல்ல என்று கூறி, ஏமாற்றத்துக்கு 2,500 பவுண்டு மட்டும் கொடுத்தார்கள். இரண்டு ஓடு கோணலாக இருப்பதற்காக வீடு முழுவதும் ஓடு மாற்றக் கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

உயிருக்கு ஆபத்து என்றால்

எல்லாக் குறையும் பணத் தகராறு அல்ல. 1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இருந்த ஆறுமாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்தது. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டனர். கட்டடத்தை வடிவமைத்தபோது அதன் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. அதன் பிறகு 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கட்டமைப்பு வடிவத்தைத் தனிப் பொறியாளர் ஒருவர் சரிபார்க்க வேண்டும், குடியிருப்புக் கட்டடங்களை 10 ஆண்டுக்கு ஒருமுறையும் மற்றவற்றை 5 ஆண்டுக்கு ஒருமுறையும் பொறியாளர் சோதிக்க வேண்டும் என்ற விதிகள் நடைமுறைக்கு வந்தன.

எனவே தூண், உத்தரம், தாங்கு சுவரில் பெரிய விரிசல், கதவு திடீரென இறுகுவது, வெளிச்சுவர் ஓடு தளர்வது போன்றவை தெரிந்தால் இழப்பீட்டுக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். உடனே கட்டட, கட்டுமான ஆணையத்துக்கோ, வீவக வீடானால் வீவகவுக்கோ தெரிவிக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

எந்த வழியில் போனாலும் கடைசியில் கேட்கப்படுவது ஆதாரம். சாவி பெற்ற முதல் சில வாரங்களில் ஒரு முழுநாளை இதற்கென ஒதுக்கலாம். 20 காசு நாணயத்தால் ஓடுகளைத் தட்டிப் பார்த்து, வெற்றொலி வரும் இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டலாம். குளியலறையில் தண்ணீர் ஊற்றி அது எங்கே ஓடுகிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு ஜன்னல், கதவு, மின்செருகியையும் இயக்கிப் பார்க்க வேண்டும். பலத்த மழை பெய்த மறுநாள் வெளிச்சுவர்களை மீண்டும் தடவிப் பார்க்க வேண்டும். குறையைப் படமெடுக்கும்போது, பக்கத்தில் ஓர் அளவுகோலும், எந்த அறை என்று தெரியும்படி தூரத்திலிருந்து இன்னொரு படமும் தேவை.

பிறகு கடிதம். அதில் கோபம் வேண்டாம். வீட்டு முகவரி, சாவி பெற்ற நாள், குறைகளின் எண்ணிட்ட பட்டியல், படங்கள், எந்த நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற கோரிக்கை ஆகியவை போதும். மின்னஞ்சலில் அனுப்பினால் நாளும் நேரமும் தானாகப் பதிவாகும். தொலைபேசியில் பேசினால், பேசியதைச் சுருக்கி அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். பழுது பார்க்க வருபவரை வேண்டுமென்றே உள்ளே விட மறுக்கக்கூடாது. பின்னர் நீதிமன்றத்தில் அது வீட்டுக்காரருக்கே எதிராகத் திரும்பும். குறை பெரியது என்றால் தொழில்முறைப் பொறியாளர் அல்லது கட்டட அளவாய்வாளரின் அறிக்கையை வாங்கி வைக்கலாம். வழக்கறிஞர் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் சமூகச் சட்ட ஆலோசனை மருந்தகங்களில் இலவசமாக யோசனை கேட்கலாம். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியும் இருக்கிறது.

புது வீட்டுக்குப் போகிறவர்கள் திருமணப் பத்திரிகை போல் எல்லா வேலைக்கும் நாள் குறித்துக்கொள்கிறார்கள். அந்த நாள்காட்டியில் இன்னும் இரண்டு தேதிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று, புதுப்பிப்பு தொடங்குவதற்கு முன் குறைப்பட்டியலைக் கொடுக்கும் நாள். மற்றொன்று, பொறுப்புக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பு வீட்டை மீண்டும் ஒருமுறை முழுவதும் பார்க்கும் நாள். அன்று தெரியும் குறையைக் கட்டியவர் செலவிலேயே சரிசெய்யக் கேட்கலாம்.